முப்பத்தெட்டில் இருந்த வால்

உங்க பையைக் கொஞ்சம் அந்தப் பக்கமா நகத்திக்கறீங்களா? இந்தப் பொட்டி மேல எதுவும் சாயக் கூடாதுங்க. ஆங், அது போதும். காந்திபுரம் வரைக்கும் மடியிலதான் வெச்சிருக்கணும். கீழ வெச்சா இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு உள்ள இருக்கறதெல்லாம் வளைஞ்சு போயிரும். கெரகம், இவனுக்கெல்லாம் எவன் வண்டியக் குடுத்தானோ.

ஹெலிகாப்டருங்க. நெசமாத்தான். ரிமோட்டுல பறக்கறது. கண்டக்டரும் உங்களை மாதிரியேதான் சிரிச்சான். பொம்மைங்களா தாத்தா, பேரனுக்கான்னு கேக்கறான். இதோட மேல் இறக்கை நிமிசத்துக்கு ரெண்டாயிரம் சுத்து சுத்தும், விரலை நீட்டுனா விரல் இருக்காது. பொம்மையாமா. அவன் கிட்ட என்னத்தப் பேசறதுன்னு லக்கேஜு டிக்கெட்டைக் கிழிடான்னுட்டு உக்காந்துட்டேன்.

என் பேரு வெள்ளியங்கிரிங்க. பீளமேட்டுல ஒரு மில்லுல முப்பத்தோரு வருசம் ஃபிட்டரா இருந்தேன். நூல் நூக்கற மெஷின் இருக்குதில்லீங்க, ஒரு மெஷினுக்கு நானூறு கதிரு சுத்தும். நடந்து போறப்பவே காதுல கேட்டுச் சொல்லுவேன், இத்தனாவது கதிரு தடவுதுன்னு. சும்மா பெருமைக்குச் சொல்லலீங்க. சரியா இல்லாத ஒண்ணப் பார்த்துட்டு என்னால சும்மா போக முடியாது, அவ்வளவுதான். அடுத்தவன் வீட்டுக்குப் போனா அவன் கதவு கிறீச்சுங்கும், நான் எண்ணெய் கேப்பேன். என்ற வீட்டுக்காரி என்னோட ஒறம்பரை வீட்டுக்கு வர்றதையே நிறுத்திட்டா. உங்களுக்குக் கையரிப்புங்கறா. இருக்கட்டும். ஊரே அரைகுறையா இருந்தா ஒருத்தனுக்காவது கை அரிக்கத்தானுங்க செய்யும்.

ரிட்டையர்டு ஆனதுக்குப் பொறகு இதுல எறங்குனேன். ஞாயித்துக்கிழமையானா கிணத்துக்கடவு தாண்டி ஒரு காஞ்ச குட்டையில எட்டு பேரு சேருவோம். சேருவோம்னு சொல்லவே கூச்சமா இருக்குதுங்க. அதுல அஞ்சு பேரு டிரோன் பார்ட்டி. டிரோனெல்லாம் ஒரு இதா? கைய விட்டா அதுவா நின்னுக்குது, பட்டனை அமுத்துனா அதுவா திரும்பி வந்துருது. வளத்த நாய்க்கும் அதுக்கும் என்ன வித்தியாசம். ஒருத்தன் அதுல கேமராவைக் கட்டிக் கண்ணாலத்துக்குப் படம் எடுக்கறான். இட்லி தின்னுட்டு அந்தக் கையோட ரிமோட்டத் தொடுவானுங்க. சட்னி ரிமோட்டுங்க. பார்த்தா ஒரு வாரத்துக்குச் சோறு எறங்காது.

மனுசன்னு சொன்னா அங்க ஒருத்தருதான். தேவசகாயம் சார். ரயில்வேல சிக்னல் இன்ஸ்பெக்டரா இருந்தவரு, இதே போத்தனூர்தான். இப்ப அவரு வீட்டுல இருந்துதான் வர்றேன். நானும் அவரும் ஒரே நாள்ல இதுக்கு வந்தவங்க. சம்சாரம் தவறிட்டாங்க, தனியாத்தான் இருந்தாரு. ரெண்டு வருசத்துக்கு முன்னால அவருக்குப் பக்கவாதம் வந்துருச்சுங்க. இடது பக்கம். காலு தேறிடுச்சு, பேச்சு தேறிடுச்சு. கை மட்டும், அதுலயும் இந்தக் கட்டை விரலு, அது பாட்டுக்கு நடுங்கும். டம்ளரைப் புடிச்சா காப்பி சிந்தும்.

இங்கதான் நீங்க ஒண்ணப் புரிஞ்சுக்கணும். ஹெலிகாப்டருக்கு மேல் இறக்கை ஒரு பக்கமாச் சுத்துதில்லீங்க, அப்ப அதோட உடம்பு மறுபக்கமாச் சுத்தப் பார்க்கும். சுத்த விடாமப் புடிச்சு நிறுத்தறதுதான் வால்ல இருக்கற சின்ன இறக்கை. அந்த வாலைத் திருப்பற குச்சி ரிமோட்டுல நம்ம இடது கை கட்டை விரலுக்குக் கீழ இருக்குது. விரலை எத்தனை அசைச்சா வாலு எத்தனை திரும்பணும்னு ரிமோட்டுக்குள்ள ஒரு நம்பரு இருக்குதுங்க. அதை ஏத்தலாம், எறக்கலாம். நூறு வெச்சா நெனைக்கறதுக்கு முன்னாடி திரும்பிரும். இருபது வெச்சீங்கன்னா நீங்க விரலைச் சாய்ச்சுட்டு, ஒரு டீ குடிச்சுட்டு வரலாம்.

எட்டு மாசம் கழிச்சுக் குட்டைக்கு வந்தாரு, இருபதுல வெச்சுட்டு வந்தாரு. சரி, புதுசா எந்திரிச்சு வந்திருக்கறாரு, பாவம்னு வாயை மூடிக்கிட்டேன். அப்பறம் பார்த்தா ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு ஏத்துவாரு. இருபத்திரெண்டு. இருபத்தினாலு. ஏத்தறப்ப எங்க எல்லாருக்கும் சொல்லுவாரு வேற. வெள்ளியங்கிரி, இன்னைக்கு முப்பதுங்க. இன்னைக்கு முப்பத்தி நாலுங்க. டானிக்கை மூடியில அளந்து ஊத்தற மாதிரி. ஏனுங்க, அது ஹெலிகாப்டருங்களா, தைலமா? முப்பத்தெட்டு வரைக்கும் வந்தாரு. முப்பத்தெட்டுல ஒரு ஹெலிகாப்டர் திரும்பறதை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. சினை மாடு சந்துல திரும்பற மாதிரி இருக்கும். நான் முகத்தைத் திருப்பிக்குவேன். எனக்கு அதைப் பார்த்துட்டு நிக்க முடியாதுங்க.

அவருக்கு ஒரே மக, ரூபின்னு பேரு. பெங்களூர்ல வேலை. அப்பனைத் தனியா விட்டு வெக்க அதுக்குப் பயம். பெங்களூர் வந்துருங்க, ஒன்பதாவது மாடி, லிஃப்ட் இருக்குது, ஆளு இருக்குதுன்னு ஒரு வருசமா இழுத்துட்டே இருந்துச்சு. இவரு போகல. ஒன்பதாவது மாடியில நான் என்ன பண்றது வெள்ளியங்கிரி, பால்கனியில நின்னு கழுகுக்கு சிக்னல் காட்டறதான்னு கேப்பாரு. கடைசியில அப்பனும் மகளும் ஒரு ஒப்பந்தம் போட்டுக்கிட்டாங்க. அந்தப் பொண்ணு ஒரு ஞாயித்துக்கிழமை குட்டைக்கு வர வேண்டியது. இவரு அஞ்சு நிமிசம் பறக்க விட்டு, தரையில சுண்ணாம்புல ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள எறக்கிக் காட்ட வேண்டியது. எறக்கிட்டாருன்னா கை தேறிடுச்சுன்னு அர்த்தம், இங்கேயே இருந்துக்கலாம். எறக்கலைன்னா மூட்டை கட்ட வேண்டியது.

எல்லார்கிட்டயும் சொன்னாரு. எனக்கும் தெரியும். தெரிஞ்சதுனாலதானுங்க நான் கை வெச்சேன்.

யோசிச்சுப் பாருங்க. பெத்த மக வந்து நிக்குது. அது முன்னாடி இந்த மனுசன் சினை மாட்டைத் திருப்பிக் காட்டறதா? அன்னைக்குக் காத்தும் அடிச்சுச்சு. காத்துல வாலு தூக்குச்சுன்னா முப்பத்தெட்டை வெச்சு நிறுத்த முடியுமா? முடியாது. அப்படித்தானுங்க என் கணக்கு. எங்கூட ஒரே நாள்ல ஆரம்பிச்சவரு, ஒரு காலத்துல இந்தக் குட்டையிலேயே அவரு மாதிரி எறக்கறதுக்கு ஆளு கிடையாது. அப்பேர்ப்பட்டவரைப் பார்த்து அந்த டிரோன்காரனுங்க உச்சுக் கொட்டுவானுங்க. எனக்குப் பத்தீட்டு வந்துச்சு.

அவரு மாத்திரை போடறதுக்குக் காருக்குப் போனாரு. இட்லிப் பொட்டலத்தைப் பிரிச்சதும் மத்தவனுங்க எல்லாம் ஈ மாதிரி அங்க போயிட்டானுங்க. ரிமோட்டு பாட்டுக்கு ஸ்டூல் மேல இருந்துச்சு. எடுத்தேன், உள்ள அந்த நம்பரு இருக்கற எடத்துக்குப் போனேன், எழுபத்தஞ்சு வெச்சேன். நெம்ப இல்லீங்க, நான் என்னுதுல தொண்ணூறு வெச்சிருக்கறேன். தரையில வெச்சே விரலை அசைச்சுப் பார்த்தேன். வாலு இறக்கை டக்குன்னு அந்தப் பக்கம், டக்குன்னு இந்தப் பக்கம். அப்படி இருக்கணுங்க ஒரு மெஷின். எனக்குக் கண்ணே நெறஞ்சு போச்சு.

ஏன் சொல்லலையா? சொன்னா வேண்டாம்பாரு. பிடிவாதக்காரரு. பறந்து எறங்குனதுக்குப் பொறகு சொல்லலாம்னு இருந்தேன். சார், இப்ப நீங்க ஓட்டுனது முப்பத்தெட்டு இல்ல, எழுபத்தஞ்சுன்னு. அப்ப அந்த முகம் எப்படிப் போகும்னு பார்க்கணும்னு எனக்கு ஒரு ஆசைங்க. அவ்வளவுதான்.

வந்தாரு. நின்னாரு. மக பக்கத்துல நிக்குது, கைய முந்தானையில சுத்தீட்டு. மேல எழுப்புனாரு. நல்லாத்தான் எழும்புச்சு. ஒரு ஆள் ஒசரம் போயி நின்னுச்சு. அப்பறம் வாலு ஆட ஆரம்பிச்சுது. இடது, வலது, இடது, வலது. அவரு விரலு என்ன நடுங்குதோ அது அத்தனையும் அங்க தெரியுதுங்க. அதுதானே சரி? விரலு அசைஞ்சா வாலு அசையணும். ஆனா அவரு அதைப் பார்த்துப் பயந்துட்டாரு. நிறுத்தறதுக்கு இன்னும் கொஞ்சம் சாய்ச்சாரு. அது சுத்தி, மூக்கு எங்க பக்கமா வந்துருச்சு. மூக்கு நம்மளைப் பார்த்துச்சுன்னா எல்லாம் தலைகீழுங்க, நம்ம இடது அதுக்கு வலது. நாப்பது வருசம் சிக்னல் பார்த்த மனுசன், அந்த ஒரு நொடியில மாத்திச் சாய்ச்சுட்டாரு. சாஞ்சு, மேல் இறக்கை தரையில அடிச்சு, அதோட வாலை அதுவே வெட்டிக்கிச்சு. சுண்ணாம்பு வட்டம் பத்தடி தள்ளி இருந்துச்சு.

ஒருத்தன் வாயில இட்லியோட நின்னுட்டிருந்தான். ஹெலிகாப்டர் கீழ துண்டு துண்டாக் கெடக்குது, இவரு கட்டை விரலு இன்னும் அந்தக் குச்சி மேலயே நடுங்கிட்டிருக்குது. ரூபி வந்து அவரு தோள்ல கைய வெச்சு, பரவாயில்லப்பான்னுச்சு. அந்த ஒரு வார்த்தையைக் கேட்டா எனக்குக் கூசும். அதுக்குப் பதிலா ரெண்டு அறை விட்டிருக்கலாம். நான் போயி எல்லாத்தையும் பொறுக்குனேன், ரிமோட்டையும் அவரு கையில இருந்து வாங்கிக்கிட்டேன். நான் சரி பண்ணித் தர்றேன் சார்னேன். அவரு என்னைப் பார்க்கவே இல்லீங்க.

இப்படி ஒரு மனுசனுக்கு நல்லது பண்ணப் போயி பொல்லாப்பு சுமக்கறது எனக்குப் புதுசு இல்ல. பொல்லாப்புன்னா, யாருக்கும் தெரியாதுங்க. உங்ககிட்டத்தான் சொல்றேன். அவனுங்க எல்லாம் அவரு கையையே பேசீட்டு இருக்கறானுங்க. பாவம், கை வரலை, அந்த வயசுல எதுக்கு, இப்படி. எனக்குக் கேக்கக் கேக்க அருவருப்பா இருந்துச்சு. அடுத்த வாரத்துல இருந்து குட்டைக்கே போகலீங்க.

மூணு வாரம் உக்காந்து வேலை பாத்தேன். புது வால் கொழாய், புது இறக்கை, ஒவ்வொரு திருகையும் கழட்டித் துடைச்சுப் போட்டேன். கடையில இருந்து வந்தப்பகூட அது அப்படி இருந்திருக்காது. நேத்து ராத்திரி பொட்டியில வெக்கறதுக்கு முன்னாடி, ரிமோட்டுக்குள்ள போயி அந்த நம்பரை மறுபடியும் முப்பத்தெட்டுக்குக் கொண்டாந்துட்டேன்.

ஏன்னா? அவரு மெஷின், அவரு வெச்ச அளவுல இருக்கட்டுமேன்னுதான். வேற ஒண்ணும் இல்ல. அடுத்தவங்க பொருளை வாங்குன மாதிரியே திருப்பிக் குடுக்கணும்ல.

இன்னைக்குக் காலையில போனேன். வீடு பூரா அட்டைப் பொட்டி. பாத்திரமெல்லாம் பேப்பர்ல சுத்திக் கெடக்குது. இந்த மூணு வாரமும் ரூபி லீவு போட்டுட்டு இங்கேயே இருந்து வீட்டைக் காலி பண்ணிட்டு இருந்திருக்குது. வாங்க அங்கிள்னு டீ குடுத்துச்சு. பால் பொங்குறதுக்கு முன்னாடியே எறக்கிட்ட டீ. அதையும் குடிச்சேன்.

தேவசகாயம் சார் ஜன்னலோரம் உக்காந்திருந்தாரு. நான் பொட்டியத் திறந்து ஹெலிகாப்டரை எடுத்து வெக்கறேன். பாருங்க சார், வாலைப் பாருங்கங்கறேன். அவரு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கல. ரிமோட்டக் குடுங்க வெள்ளியங்கிரின்னாரு. குடுத்தேன். வலது கையால அதைத் திருப்பித் திருப்பி, சுவிட்சைப் போட்டு, உள்ள போறாரு. அந்தப் பக்கம், இந்தப் பக்கம் தேடி, நம்பரு இருக்கற எடத்துக்கு வந்துட்டாரு. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு மாட்டிக்கிட்டுப் பார்த்தாரு.

முப்பத்தெட்டுன்னாரு.

ஆமாங்க சார், முப்பத்தெட்டுன்னேன்.

வலது கை விரலால அந்த நம்பரைத் தடவிப் பார்த்தாரு. மூணு வாரமா ஒரு நெனைப்பு வெள்ளியங்கிரி, பேட்டரி மாத்தறப்ப என் கை பட்டு அந்த நம்பரு ஏறியிருக்குமோன்னு. ஏன்னா அன்னைக்குக் கை கெட்டுப் போன மாதிரி எனக்குத் தெரியல. முந்தின ஞாயித்துக்கிழமை நல்லாத்தானே இருந்துச்சு. அதான் இதை ஒரு தடவை பார்த்துரணும்னு இருந்தேன்னாரு. அப்பறம் சுவிட்சை அணைச்சுட்டு, இல்ல, கைதான்னாரு. அந்த இடது கைய வலது கையால எடுத்து மடியில வெச்சுக்கிட்டாரு, வேற யாரோ குடுத்துட்டுப் போன சாமான் மாதிரி.

வாயத் திறந்தேன். அதுக்குள்ள அவரு, இதை நீங்களே எடுத்துட்டுப் போயிருங்கன்னுட்டாரு. அங்க ஒன்பதாவது மாடியில எதுக்கு, உங்க கையில இருந்தா நல்லா இருக்கும்னுட்டாரு. ஒருத்தன் மூணு வாரம் கண்ணு முழிச்சு வேலை பாத்துட்டு வந்தா, வாலு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? நான் பொட்டியத் தூக்கிட்டு எந்திரிச்சுட்டேன்.

ரூபி வாசல் கேட்டு வரைக்கும் வந்துச்சு. அங்கிள், ஒண்ணு கேக்கறேன், அப்பா மனசுக்காகச் சொல்லாதீங்க, உள்ளதைச் சொல்லுங்கன்னுச்சு. என்ன அம்மிணின்னேன். நீங்கதானே எல்லாத்தையும் பிரிச்சுப் பார்த்தீங்க. அன்னைக்கு மெஷின்ல ஏதாவது கோளாறு இருந்திருக்குமா? அப்பா ராத்திரியெல்லாம் அதையே பொலம்பறாரு. அப்படி ஏதாவது இருந்துச்சுன்னா சொல்லுங்க, வேன் நாளைக்குக் காலையிலதான் வருது, நான் வேண்டாம்னு சொல்லிடறேன். அவரு இங்கேயே இருக்கட்டும். உங்களைத்தான் அங்கிள் நான் நம்பறேன்னுச்சு.

நீங்களே சொல்லுங்க. முப்பத்தோரு வருசம். வெள்ளியங்கிரி கை வெச்ச மெஷின்ல கோளாறுன்னு முதலாளிகூடச் சொன்னதில்ல. அதை நானே என் வாயால, ஒரு சின்னப் பொண்ணுகிட்ட, நடுத்தெருவுல நின்னுட்டு எப்படிங்க சொல்றது?

மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க அம்மிணின்னேன்.

பொய் இல்லீங்க. கொறை இருந்துச்சா? இல்ல. விரலு அசைஞ்சா வாலு அசைஞ்சுது. ரூபி தலையை ஆட்டுச்சு. கண்ணைத் துடைச்சுக்கிட்டு, தேங்க்ஸ் அங்கிள், இனி எனக்கு மனசுல உறுத்தல் இல்லன்னுச்சு. நான் வெரசா பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் ஒரே குமட்டல். அந்த டீதான்னு நெனைக்கறேன்.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? உக்கடமே இன்னும் வரலையே. சீட்டு இருக்கறப்ப எதுக்குங்க அங்க போயி நின்னுட்டு வர்றீங்க? இத்தனை நேரம் கேட்டீங்க, ஒண்ணும் சொல்லாமப் போறீங்களே. வேன் நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத்தானுங்க வருது.